பாவையும் காமிராவும்

கொல்லிமலைக்குப் படமெடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எடுத்துவருவது இரண்டைத்தான்: 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை. செம்மேட்டுக் கடைத்தெருவும் சோளக்காட்டுச் சந்தையும் அவர்களுக்குப் படமாவதில்லை. பார்ப்பவனை மயக்கிக் கொல்லும் பாவை என்றொரு தொன்மம் இம்மலைக்கு உண்டு. காலண்டர் அழகும் அந்தப் பாவைதான். அது கொல்வது பார்வையை.

பாரிஸின் தெருக்களை எடுத்துக்கொண்டிருந்த யூஜின் அட்ஜே, 1925இல் புறநகரான ஸோவில் பராமரிப்பற்றுக் கிடந்த பூங்காவை எடுத்தார். குளம், மரங்கள், ஆளில்லாத பாதை. தம் படங்களைக் கலையென்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஓவியர்களுக்கு உதவும் ஆவணங்கள் என்றே விற்றார். அந்த அடக்கம்தான் அவரைப் பாவையிடமிருந்து காப்பாற்றிற்று என்று நினைக்கிறேன்.

நானும் முதலில் வளைவுகளைத்தான் எடுத்தேன். பிறகு செம்மேட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களை. படத்தில் அழகு குறைவு. ஆனால் மலையில் மனிதர்கள் வசிக்கிறார்கள் என்பது அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.