ஒற்றைக் காதுப் பாம்படம்

ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் போயிருந்தேன். கூட்டத்தைப் பற்றி ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. சாயங்காலம் சாமி சங்கரநாராயணராக வருகிறார். பாதி சிவன், பாதி விஷ்ணு. பருத்தி, வத்தல் என்று விளைந்ததையெல்லாம் சனங்கள் வீசி எறிகிறார்கள். ராத்திரி அதே சாமி மறுபடி வருகிறார், இந்த முறை முழுச் சிவனாக, சங்கரலிங்கமாக. சேர்ந்த கோலத்தைக் கேட்டுத் தவமிருந்த கோமதியம்மனே, பார்த்து முடித்ததும் பழைய உருவத்தைக் காட்டச் சொன்னாளாம். புராணம் எழுதியவருக்கு மனுஷ சுபாவம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இரண்டு காட்சிக்கும் நடுவே பெரியம்மா வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். 'இரத்தத் திலகம்' ஓடிக்கொண்டிருந்தது.

1963 படம். தாதா மிராசி டைரக்ஷன், சிவாஜி, சாவித்திரி. தயாரித்தவர் கண்ணதாசன். கல்லூரி கடைசி நாளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீங்கள் பாடியிருப்பீர்களே, அந்தப் பாட்டு இதில்தான். பாட்டு எல்லோருக்கும் தெரியும். அது ஒரு யுத்தப் படம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. காதலி சீனாவில் சிக்கிக்கொள்ள, காதலன் பட்டாளத்துக்குப் போகிறான். போர்க் காட்சிகள் இன்றைய கண்ணுக்கு நாடக மேடைதான். சாவித்திரி இல்லையென்றால் பின்பாதியை உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆனால் படத்தில் ஓர் அவசரம் இருக்கிறது. யாரிடமோ எதையோ நிரூபித்தே ஆகவேண்டும் என்கிற அவசரம்.

யாரிடம்? கொஞ்சம் பின்னால் போவோம். 1962 மே மாதம் அண்ணா மாநிலங்களவையில் தம் முதல் பேச்சிலேயே திராவிட நாடு கேட்டார். அக்டோபர் 20 அன்று சீனப் படை இறங்கியது. அண்ணா பிரிவினையை ஓரமாக வைத்துவிட்டு நேரு அரசுக்குக் கை கொடுத்தார். 1963-ல் பிரிவினைப் பேச்சுக்குக் கடிவாளம் போடும் பதினாறாவது திருத்தம் வந்தது, தி.மு.க.வும் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. கண்ணதாசனோ 1961-லேயே தி.மு.க.வை விட்டு வெளியேறியவர். ஆக, படத்தில் எதிரி சீனாக்காரன்தான் என்றாலும், வாதம் நடப்பது தமிழ்நாட்டுக்குள். 'பார்த்தீர்களா, நான் சரியான பக்கம்தான் வந்தேன்' என்று ஒரு கவிஞர் தன் பழைய சிநேகிதர்களிடம் சொல்கிறார். எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

பெரியம்மாவுக்கு வேறு மாதிரி. "எய்யா, அப்போ யுத்த நிதிக்கு எங்க ஆச்சி காதுல கிடந்த பாம்படத்தக் கழத்திக் குடுத்தாள்லா?" என்றார். இரண்டையுமா என்று கேட்டேன். "ஒண்ணுதான். இன்னொண்ணு என் கல்யாணத்துக்குன்னு வச்சுட்டா."

நாடு முழுக்க அப்போது தங்கம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 'ஒன்று நாட்டுக்கு, ஒன்று பேத்திக்கு' என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆச்சியை எந்த யுத்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. சினிமா ஆச்சிகள் இரண்டையும் கழற்றி விடுவார்கள், பின்னணியில் வயலின் வேறு.

அந்த ஒற்றுமை எத்தனை நாள் தாங்கியது? போர் ஒரு மாதத்தில் முடிந்தது. அதற்காகப் பிரகடனம் செய்த நெருக்கடி நிலை 1968 ஜனவரி வரை நீடித்தது. எல்லோரும் சேர்ந்து கைதட்டி வரவேற்ற இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தை வைத்து, சீன வம்சாவளி என்ற ஒரே குற்றத்துக்காகச் சுமார் மூவாயிரம் பேரை ராஜஸ்தானில் தேவ்ளி முகாமில் அடைத்தார்கள். 1965 பிப்ரவரியில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காகக் கருணாநிதியைப் பிடித்துப் பாளையங்கோட்டை சிறையில் போட்டதும் அதே சட்டத்தில்தான். சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். பாம்படத்தைக் கொடுத்தபோது ஆச்சி இதற்கெல்லாமா சேர்த்துக் கொடுத்தாள்?

அத்தோடு முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. துப்பாக்கிச் சூடும் தீக்குளிப்பும் நடந்து ஏழெட்டு மாதம்கூட ஆகவில்லை, பாகிஸ்தான் யுத்தம் வந்தது. திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடச் சொன்னார் சாஸ்திரி. ஜனவரியில் டெல்லியைத் திட்டிய அதே தமிழ்நாட்டில் ஓட்டல்கள் அடுப்பை அணைத்தன. ஜனவரியும் செப்டம்பரும் ஒரே கதைக்குள் வருகிற படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. எடுப்பது கஷ்டம்தான். யாரை வில்லனாகப் போடுவது?

சரி, 'ரோஜா'வுக்கு வருவோம். 1992 ஆகஸ்ட் 15 ரிலீஸ். கதாநாயகிக்குச் சுந்தரபாண்டியபுரம், நம்ம தென்காசிப் பக்கம். எரியும் கொடி மேல் அரவிந்த்சாமி விழுந்து புரளும் காட்சிக்குத் தியேட்டரே எழுந்து நின்றது ஞாபகம் இருக்கும். எனக்கு அந்தக் காட்சி அன்றைக்கும் பிடிக்கவில்லை. பாட்டைப் போட்டு நம்மைப் பிடித்துத் தள்ளுகிறார்கள். ரோஜாவைத்தான் பிடித்தது. காஷ்மீரில் இந்தி தெரியாமல் நிற்கிறாள். தேசம், தீவிரவாதம் எதுவும் அவளுக்கு வேண்டாம், புருஷன் வேண்டும். சிறையிலிருக்கும் தீவிரவாதியை விட்டுவிட்டாவது அவனைக் கொண்டுவா என்கிறாள். இந்தி டப்பிங்கில் எல்லோரும் இந்தி பேச, அந்தத் தவிப்பு கரைந்துபோனது. தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருதும் வாங்கிய படம். மணிரத்னத்துக்கே தெரியாமல் ஆச்சியின் இரண்டாவது பாம்படம் ரோஜாவிடம் வந்திருக்கிறது என்பேன்.

2024-ல் 'அமரன்'. ஷோபியானில் 2014-ல் உயிர் கொடுத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. மூன்றில் தொழில் சுத்தமான படம் இதுதான். தமிழ்ப் பையன், மலையாளப் பெண். ராணுவமோ இந்தியில் பேசுகிறது. யாரும் யாரிடமும் எதையும் நிரூபிக்கவேண்டியதில்லை. அறுபது வருஷத்தில் இது பெரிய தூரம். போன் வராத இரவுகளில் சாய் பல்லவியின் முகம் ஒன்றே போதும். குறை எங்கே என்றால், காஷ்மீரி ஒருவர் வீட்டுக்குள் கேமரா போனால் அது பெரும்பாலும் தேடுதல் வேட்டைக்குத்தான். அதைச் சொல்லிச் சிலர் போராடினார்கள், சொல்லலாம். ஆனால் மேலப்பாளையத்தில் படம் ஓடிய தியேட்டர் மேல் பெட்ரோல் குண்டு வீசினார்களே, அதை விமர்சனம் என்று யாரும் சொல்ல முடியாது.

படம் நம்மிடம் கேட்பது என்ன? 1963 தங்கமும் பிள்ளையும் கேட்டது. 2024 டிக்கெட்டும் ஒரு சல்யூட்டும் கேட்கிறது. பெரியம்மாவே சொன்னார்: "இப்ப யாரும் நகையெல்லாம் கேக்க மாட்டக்காங்கள்லா?" நிம்மதியாகச் சொன்னாரா, ஏமாற்றமாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

2025 மே மாதத்தையும் சொல்லிவிடுகிறேன். பஹல்காமில் 26 பேரைக் கொன்றதற்குப் பதிலடி நடந்த வாரத்தில், ராணுவத்துக்கு ஆதரவாகச் சென்னையில் முதல்வர் ஸ்டாலின் பேரணி போனார். அதே மாதம் சுமார் 2,150 கோடி ரூபாய் கல்வி நிதியைத் தரவில்லை என்று தமிழக அரசு மத்திய அரசு மேல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. இரண்டையும் செய்தது ஒரே அரசு. அடுத்த சில நாட்களில் அனைத்துக் கட்சிக் குழு ஒன்றுக்குத் தலைமை ஏற்று ஸ்பெயின் போன கனிமொழியிடம், இந்தியாவின் தேசிய மொழி எது என்று ஒருவர் கேட்டார். வேற்றுமையில் ஒற்றுமைதான் எங்கள் தேசிய மொழி என்று பதில் சொன்னார். அரங்கம் கைதட்டியது.

1965-ல் பாளையங்கோட்டை சிறையில் இருந்தவரின் மகள்.