சத்திநிபாதமும் போப்பையரும்

மதுரை மாநகர்க்கு வடகிழக்கே, மேலூரைச் சார்ந்த வயல்சூழ் பதியாகிய திருவாதவூரில் மணிவாசகப் பெருமான் அவதரித்தருளினார். நரி பரியான கதையையும் பிட்டுக்கு மண் சுமந்த கதையையும் ஆவணி மூலந்தோறும் திருவிழாவாகக் கண்டு உருகும் இந்நகர மாந்தர்க்குத் திருவாசகம் தம் மண்ணிற் பிறந்த செல்வமாம். அச்செல்வத்தை முழுவதும் ஆங்கிலச் செய்யுளாக்கி, 1900-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் அச்சேற்றியவர் ஜி. யு. போப்பையர். 1820-இற் பிறந்து, 1837-இல் தமிழ்ப்பாடந் தொடங்கிய அவர், தமது எண்பதாம் ஆண்டு நிறைவில் அந்நூற்கு முகவுரை வரைந்தார். அறுபதாண்டிற்கு மேற்பட்ட தமிழ்ப்பயிற்சியின் கனி அது.

இப்பெரியாரைப் புகழுங்கால், தம் கல்லறையில் ‘தமிழ் மாணவன்’ எனப் பொறிக்குமாறு அவர் விரும்பினர் என்னுங் கதையை நம்மவர் மேடைதோறுங் கூறுவர். ஆக்ஸ்போர்டிலுள்ள அக்கல்லில் அத்தொடர் இல்லை. அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழன்பரும் நாட்டிய கல் என்பதே அதன்கண் உள்ளது. கதையைப் பாராட்டுவோர் பலர். அவர் நூலை மூலத்தோடு வைத்து ஓதினோர் சிலர். ஒருவர் நூலை ஆராயாது புகழ்தல் அவரை மதித்ததாகாது. ஆகலின் ஈண்டு ஒரு சொல்லை எடுத்து ஆராயப் புகுகின்றாம்.

சைவ சித்தாந்தம் இந்திய சமயங்களுள் உள்ளீடு மிக்கதென உலகறியக் கூறியவர் போப்பையர். அவர் நூலின் ஆராய்ச்சிக் குறிப்புகள் சித்தாந்தச் சொற்களைப் பிறநாட்டார்க்கு விளக்க முயல்வன. அவற்றுள் ‘சத்திநிபாதம்’ என்பதற்குச் ‘செயலாற்றல் ஓய்தல்’ என்னும் பொருள்பட அவர் மொழிபெயர்த்தனர். இது பொருந்துமா?

நிபாதம் என்பது வீழ்தல், பதிதல் எனப் பொருள்படும். சத்தி என்பது ஈண்டு உயிரின் ஆற்றலன்று. ஞாயிற்றோடு கதிர்போல இறைவனோடு பிரிவின்றி நிற்கும் அருட்சத்தியேயாம். இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்ந்த உயிரின்கண் அவ்வருள் பதிதலே சத்திநிபாதம் என்பது நம் ஆசிரியர் துணிபு. ‘ஓய்தல்’ என்று கொள்ளின் வரும் இடர்ப்பாடு யாது? சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைத்து. அவை முறையே சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நெறிகளில் உயிரைச் செலுத்துவன. மந்ததரம் எய்தினான் திருக்கோயில் அலகிடுகின்றான், மெழுகுகின்றான், மாலை தொடுக்கின்றான். செயல் ஓய்ந்ததாயின் இத்தொண்டுகள் அதன்பின் எழுமாறு எங்ஙனம்? ஓய்தல் என்னும் பொருள் முதற்படியிலேயே தடையுறுகின்றது.

‘நான் செய்தேன்’ என்னும் தற்போதம் அருள்வழி நின்றார்க்கு அடங்கும் என்பது உண்மையே. போப்பையர் கருத்து இதன்கண் சென்றதாதல் கூடும். ஆயினும் அஃது அருள் பதிந்ததன் பயன். பயனை முதலாகக் கொண்டால், உயிர் தானே ஓய்ந்து இறைவனை எய்தும் என்றாகி, அருளுக்கு வேலையின்றி ஒழியும்.

இதற்கு மணிவாசகர் வரலாறே சான்று. பாண்டியன் அமைச்சராய்க் குதிரை கொள்ளப் பொருளோடு புறப்பட்டவர் அவர். அரசன் பணி மேற்சென்றவரைத் திருப்பெருந்துறையிற் குருந்தமரத்தின்கீழ் எதிர்வந்து ஆட்கொண்டது அருள். இதனை மறந்து திருவாசகம் ஓதுவார்க்கு அதன் உயிர்நிலை புலப்படாது. அதனாலன்றோ இவ்வொரு சொல்லின் பிழை சிறிதன்றென்கின்றாம்!

பிழைக்குக் காரணம் என்னை? 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட்டு தெ நொபிலி காவியுடுத்து, தமிழும் வடமொழியுங் கற்று, மறுபிறப்பை மறுத்து நூல் எழுதினர். பம்பாயில் ஜான் வில்சன் என்னும் பாதிரியார் பாரசீகரின் வேதமாகிய அவெஸ்தாவை ஆராய்ந்து, அச்சமயத்தை மறுத்து 1843-இல் நூல் வெளியிட்டனர். மறுத்தற்குக் கற்ற இவரினும், பிறர் சுவைத்தற்பொருட்டு மொழிபெயர்த்த போப்பையர் வேறானவர். ஆயினும் அவரும் கிறித்தவ குருவே. வினையும் மறுபிறப்பும் தம் சமயக் கொள்கை அல்லாதார்க்கு, இருவினையொப்பை அடுத்து நிற்கும் சத்திநிபாதத்தின் இடம் விளங்குதல் அரிது. 1886-இல் வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பில், வள்ளுவர் மயிலையிற் கிறித்தவ போதனையைக் கேட்டிருத்தல் கூடும் என அவர் கருதியதும் இச்சார்பினாலேயாம்.

எனினும் குறை முழுவதும் அவர்மேற்றன்று. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிலிருந்த அமெரிக்கப் பாதிரியார் ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1854-இலேயே வெளிப்படுத்தினர். நம்மவருள் நல்லசாமிப் பிள்ளையவர்கள் அந்நூலை ஆங்கிலத்தில் தந்தது 1895-இல். இடைப்பட்ட நாற்பதாண்டு, பிறர் கூறியதே உலகிற்கு நம் சித்தாந்தமாக நின்றது. கற்க வந்தார்க்குக் கற்பியாதிருந்த நாம், அவர் பிழைத்தமைக்கு வெகுளுதல் முறையாகுமா?

அன்பர்காள்! போப்பையர் நூலைத் தள்ளவும் வேண்டா. அதனையே முடிவெனக் கொள்ளவும் வேண்டா. மூலத்தை முன்வைத்து, சாத்திரம் வல்ல ஆசிரியர்பாற் கேட்டு, அவர் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து ஓதுமின். பொருந்தியதைப் போற்றிப் பொருந்தாததைக் குறித்து வைமின். அறுபதாண்டிற்கு மேலாக நம் மொழியைப் பயின்ற முதியவர்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றி, அவர் தொட்ட நூலை அவரினும் ஆழ்ந்து கற்றலேயாம்.

திருச்சிற்றம்பலம்.