‘அண்ணாமலை’ தரும் பாடம்

1992-இல் வெளிவந்த ‘அண்ணாமலை’ திரைப்படத்தை அண்மையில் கீழ்பென்னாத்தூர் இளைஞர் சிலரோடு அமர்ந்து மீண்டும் கண்டோம். சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய இப்படத்தில் ரஜினிகாந்த் ஏற்றிருப்பது பால்காரன் வேடம். செல்வந்த நண்பனின் குடும்பம் தன் வீட்டை இடித்துத் தள்ள, அவன் சூளுரைத்துப் புறப்பட்டு ஓட்டல் அதிபராக உயர்கிறான். “உழைத்தால் நாமும் உயரலாம்” என்பதே நம் இளைஞர் இதில் கண்ட பாடம்.

அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பல்லாண்டு உழைப்பைப் படம் ஒரே பாடலில் கடந்துவிடுகிறது. விடியுமுன் பால் கறக்கும் நம் ஊர்க் குடும்பங்கள் அறிந்த கடனும் வறட்சியும் மாட்டின் நோயும் அப்பாடலில் இல்லை.

படத்தின் மெய்யான பாடம் பின்னர் வருகிறது. நண்பனின் வீட்டை ஏலத்தில் எடுத்தவன், தாயின் சொல்லுக்கிணங்கி அதனைத் திருப்பித் தருகிறான். சூளுரை நிறைவேறியும் நிறையாத நெஞ்சு, நட்பு மீண்டபோதே நிறைகிறது.

பாகப்பிரிவினைக்குப்பின் பேசாதிருக்கும் உடன்பிறந்தார் நம்மிடையேயும் உண்டு. அவர்களுள் முதலில் மற்றவர் வீட்டுப் படியேறுபவரையே வென்றவர் என்போம்.