செம்பு தின்னும் பச்சை

வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்கிறவர்களில் பெரும்பாலோர் வேண்டாத செம்பைக் கரைக்க ஃபெரிக் குளோரைடோடு நின்றுவிடுகிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் செம்புத்தகடு ஒட்டிய பலகை விற்கும் கடைகளிலேயே அதுவும் கிடைக்கும். வேலை நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் கலங்கிய பழுப்பு. பலகை உள்ளே என்ன ஆகிறதென்று கண்ணுக்குத் தெரியாது, வேட்டியில் பட்ட கறை போகாது, நாளடைவில் வலுவிழந்து குப்பையாகும். ரசிக்க வேண்டியது குப்ரிக் குளோரைடை.

அதன் நயம் முழுவதும் ஒரே கணக்கில் இருக்கிறது. கரைசலில் உள்ள குப்ரிக் குளோரைடு பலகையின் செம்பைத் தின்கிறது. தின்றதும் தின்னப்பட்டதும் சேர்ந்து குப்ரஸ் குளோரைடாகின்றன. அதற்குக் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கொடுத்தால் எல்லாமே மறுபடி குப்ரிக். ஒன்றாகப் போனது இரண்டாகத் திரும்பி வருகிறது. வேலை செய்யச் செய்யப் பெருகுகிற கருவி வேறெங்கே உண்டு?

இத்தனையையும் அது நிறத்திலேயே சொல்லிவிடுகிறது. நல்ல நிலையில் தெளிந்த மரகதப் பச்சை. அடியில் கிடக்கும் பலகையின் கோடுகளை எண்ணலாம். பலகை இறங்கியதும் செம்பின் பளபளப்பு மங்கி, வெளிறிய இளஞ்சிவப்பாகும். ஓரங்கள் முதலில் கரையும், நெருங்கிய கோடுகளின் இடுக்கு கடைசியில். அதற்குள் பச்சை பாசிநிறமாகி, பிறகு கடுங்காப்பியாகக் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள்: வெள்ளையாகக் கலங்கும். அமிலம் நீர்த்ததும் கரைந்திருக்க முடியாமல் பிரிகிற குப்ரஸ் குளோரைடு அது. கறுப்புக்குள் வெள்ளை ஒளிந்திருந்தது என்பதே எனக்கு இதில் மிகப் பிடித்த இடம்.

மீன்தொட்டிக்கு வைக்கும் காற்றுப் பம்பின் குழாயை உள்ளே விட்டால் போதும், மெல்லப் பச்சை திரும்பும். பத்து சென்டிமீட்டர் சதுரப் பலகையில், ஒரு பக்கம் மட்டும் 35 மைக்ரான் கனத்தில் செம்பு இருந்தால், அதன் எடை ஏறத்தாழ 3 கிராம். அவ்வளவையும் கரைத்து மீட்க 30 சதவீத அமிலம் 10 மில்லி, ஆக்சிஜன் அரை லிட்டருக்குச் சற்று மேல். காற்றிலுள்ள ஆக்சிஜன் முழுதும் கரைந்தால், அதற்கு 3 லிட்டர் காற்று. அவசரக்காரர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுவார்கள். கண்முன்னே பச்சையாகும்தான். ஆனால் மருந்துக்கடைப் புட்டியில் பெரும்பகுதி தண்ணீர், கரைசல் நீர்த்துப்போகும். அளவு மிஞ்சினால் குளோரின் வாயு கிளம்பும். காற்றே உத்தமம்.

உப்பளங்கள் உள்ள செய்யூர்க்காரர்களுக்கு இதில் புரியாத சங்கதி எதுவுமில்லை. உப்பளத்தில் உப்புநீரை 'டிகிரி' பார்க்கிறார்களே, பிரெஞ்சு மருந்தாளுநர் அந்துவான் போமே 1768-இல் வகுத்த அதே அளவைத்தான் சர்க்யூட் தொழிற்சாலைகளும் பார்க்கின்றன. 25 டிகிரி வாக்கில் உப்பு விளையத் தொடங்கும். குப்ரிக் குளோரைடை 30-க்கும் 33-க்கும் இடையில் வைத்துக்கொள்வது தொழிற்சாலை வழக்கம். ஏறினால் தண்ணீர் விட வேண்டியதுதான். அமிலம் எவ்வளவு என்பதை மட்டும் டிகிரி பார்க்கும் மிதவைக் கண்ணாடி சொல்லாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். அமிலம் கூடினால் வேகம் கூடும், கூடவே ஆவியும். உப்புக்காற்றில் ஏற்கெனவே துருப்பிடிக்கும் குறடும் திருப்புளியும் அந்த ஆவியில் இன்னும் சீக்கிரம் போய்விடும். ஆகவே கூரைக்கு வெளியே, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், பெயரெழுதிய பிளாஸ்டிக் புட்டியில்.

பெருகுகிற கரைசலை இன்னொரு ஆர்வலருக்குத் தாராளமாகக் கொடுங்கள். சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள்: அது போய்ச் சேருமிடம் இறாலும் நண்டும் வாழும் கழி, கரைந்த செம்பு அவற்றுக்கு நஞ்சு.