வெற்றிகளை நிறுக்கும் தராசு: முஹம்மது அலியின் சண்டைகளை முன்வைத்து

அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே, பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டி அமைந்துள்ளது ஊரூர் ஒல்காட் குப்பம். பிரம்மஞான சபையின் முதல் தலைவராயிருந்த அமெரிக்கர் கர்னல் ஒல்காட்டின் பெயரைத் தாங்கிய மீனவர் குடியிருப்பு அது. அண்மையில் ஒரு மாலை நாம் அங்குச் சென்றிருந்தபோது, கரையேற்றிய படகொன்றின் அருகே அமர்ந்து இளைஞர் இருவர் வேறோர் அமெரிக்கரைப் பற்றிச் சூடாக வாதிட்டுக்கொண்டிருந்தனர். முஹம்மது அலியின் வெற்றிகளுள் தலையாயது எது என்பதே வாதம். ஒருவர் கின்ஷாசா என்றார். மற்றவர் மணிலா என்றார். வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிராமலே கேட்டார்: "எதுலப்பா அவரு அதிகமா அடி வாங்குனாரு?"

இளைஞர்கள் சிரித்துவிட்டனர். நமக்கோ அக்கேள்வி ஆழமானதாகப்பட்டது. வெற்றியைப் பற்றிப் பேசும்போது அதற்குக் கொடுக்கப்பட்ட விலையையும் கேட்பதே முறையான திறனாய்வு. அலியைப் பற்றி நம்மவர் எழுதியவற்றுள் பெரும்பாலானவை புகழ்மாலைகளாகவே அமைந்துவிட்டன. அவரது ஒவ்வொரு குத்தும் மார்க்கத்தின் வெற்றியாகவே பாடப்பட்டிருக்கிறது. இது அலிக்கும் நீதியன்று, மார்க்கத்துக்கும் நீதியன்று.

1960 முதல் 1981 வரை தொழில்முறைக் களத்தில் அலி 61 சண்டைகளில் இறங்கி 56இல் வென்றார், ஐந்தில் தோற்றார். இவ்வெற்றிகளை எடைபோட மூன்று அளவுகோல்கள் போதுமானவை என்று கருதுகிறோம். எதிராளியின் வலிமை எத்தகையது? அலி எந்நிலையில் களமிறங்கினார்? வென்றபோது அவர் நடந்துகொண்ட விதம் யாது?

முதலில் மயாமி. 1964 பிப்ரவரி 25 அன்று 22 வயது இளைஞரான கேஷியஸ் கிளே, அனைவரும் அஞ்சிய சன்னி லிஸ்டனை எதிர்கொண்டார். பந்தயக்காரர்களின் கணிப்பு ஏழுக்கு ஒன்று என்ற அளவில் லிஸ்டனுக்கே சாதகமாயிருந்தது. ஏழாம் சுற்றுக்கு மணியடித்தபோது லிஸ்டன் இருக்கையை விட்டு எழவில்லை. வேகம் வலிமையை வென்ற நாள் அது. இதனை இஸ்லாத்தின் வெற்றி என எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று அவர் சார்ந்திருந்தது எலிஜா முஹம்மதின் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கம். இனம் குறித்தும் நபித்துவம் குறித்தும் அவ்வியக்கம் கொண்டிருந்த கொள்கைகள் பொதுவான இஸ்லாமிய நம்பிக்கைக்குப் புறம்பானவை. 1972இல் ஹஜ் சென்று வந்த அலி, 1975இல் எலிஜா மறைந்த பின்னரே ஸுன்னத் வல்ஜமாஅத் வழிக்கு வந்தார். ஒரு மனிதர் படிப்படியாக வந்துசேர்ந்த இடத்தை அவரது தொடக்கத்திலேயே ஏற்றிச் சொல்வது வரலாறாகாது.

அடுத்தது 1966 நவம்பர் 14, ஹூஸ்டன். கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றாம் சுற்றில் வீழ்த்திய அச்சண்டையே அலியின் கலை முழுமை பெற்ற இடம் என்பர் வல்லுநர் பலர். கால்களின் அசைவும் கைகளின் விரைவும் அன்றுபோல் என்றும் ஒருங்கே அமையவில்லை என்பது உண்மையே. ஆனால் வில்லியம்ஸ் 1964இல் காவலர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு பட்டு ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். நமது முதல் அளவுகோல் இங்கே தாழ்ந்துவிடுகிறது. அழகில் முதலிடம் தரலாம். வெற்றியில் தர இயலாது.

மூன்று மாதங்களுக்குப் பின், 1967 பிப்ரவரி 6 அன்று நடந்த எர்னி டெரல் சண்டையை நம்மவர் பெருமிதத்துடன் நினைவுகூர்வதுண்டு. அலியைப் பழைய பெயரால் அழைத்துவந்தார் டெரல். 'என் பெயர் என்ன?' என்று கேட்டுக் கேட்டே அவரை 15 சுற்றுகள் குத்தினார் அலி. தாம் ஏற்ற பெயரால் அழைக்கப்படுவது ஒருவரின் உரிமை, அதில் ஐயமில்லை. எனினும், தோற்றுவிட்ட ஒருவரை வதைப்பதற்காகவே சண்டையை நீட்டித்தார் என்று அன்றே எழுந்த குற்றச்சாட்டை ஒதுக்கிவிட முடியாது. பிறரை வீழ்த்துவதையல்ல, சினத்தில் தன்னை அடக்குவதையே வலிமையாகக் காட்டித்தந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை அறிந்த நாம், இவ்வெற்றியைப் பெருமைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதே தகும்.

பலர் முதலிடம் தருவது மணிலாவுக்கு. 1975 அக்டோபர் 1 அன்று, கடும் வெப்பத்தில், அலியும் ஜோ ஃப்ரேசியரும் 14 சுற்றுகள் மோதினர். ஃப்ரேசியரின் கண்கள் வீங்கிப் பார்வை மங்கியதைக் கண்ட பயிற்சியாளர் எடி ஃபட்ச், 15ஆம் சுற்றுக்கு அவரை அனுப்ப மறுத்தார். மரணத்துக்கு மிக அருகில் சென்று வந்ததாக அலியே பின்னர் கூறினார். மன உறுதிக்கு இதனினும் சிறந்த சான்று குத்துச்சண்டை வரலாற்றில் அரிது.

ஆயினும் மூன்றாம் அளவுகோல் இங்கே தடுக்கிறது. அச்சண்டைக்கு முன் அலி, ஃப்ரேசியரை மனிதக் குரங்கோடு ஒப்பிட்டு ஏளனம் செய்தார். பொம்மைக் குரங்கொன்றை எடுத்துவைத்துக் குத்திக் காட்டினார். அலி தடை செய்யப்பட்டிருந்த ஆண்டுகளில் அவருக்கு உரிமம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று குரல் கொடுத்தவர் ஃப்ரேசியர். அவரும் கறுப்பினத்தவரே. தம் பெயருக்காக டெரலோடு போராடிய அதே அலி, இன்னொருவரின் பெயரைப் பறித்து இழிபெயர் சூட்டினார். பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் ஸூரா அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் விலக்கியிருப்பதை நாம் சிறார்களுக்கும் கற்பிக்கிறோம். அலிக்கு மட்டும் அதில் விலக்களிக்க இயலுமோ? 2001இல் அலி தம் சொற்களுக்காக வருத்தம் தெரிவித்தார். 2011இல் ஃப்ரேசியரின் இறுதிச் சடங்கிலும் நோயுற்ற நிலையில் கலந்துகொண்டார். குற்றம் செய்தவரே உணர்ந்து வருந்திய ஒன்றை நாம் மறைத்து எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

எஞ்சுவது கின்ஷாசா. 1974 அக்டோபர் 30. ஜார்ஜ் ஃபோர்மன் அதுவரை 40 சண்டைகளிலும் வென்றவர்; அவற்றுள் 37இல் எதிராளியை முழுமையாய் வீழ்த்தியவர். அலியைத் தோற்கடித்திருந்த ஃப்ரேசியரையும் கென் நார்ட்டனையும் இரண்டிரண்டு சுற்றுகளிலேயே சாய்த்தவர். அலிக்கோ வயது 32. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததற்காகக் களத்திலிருந்து விலக்கப்பட்ட மூன்றரை ஆண்டுகள் அவரது கால்களின் விரைவைக் கவர்ந்து சென்றிருந்தன. பழைய அலியால் அன்று வென்றிருக்க முடியாது. எனவே புதிய அலியொருவர் தேவைப்பட்டார். இரண்டாம் சுற்றிலிருந்தே கயிற்றில் சாய்ந்து, முகத்தைக் காத்து, ஃபோர்மனின் குத்துகளைக் கைகளிலும் விலாவிலும் ஏற்றார். எதிராளி களைத்த எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். இழந்ததை எண்ணிப் புலம்பாமல், எஞ்சியதைக் கொண்டு வெல்வது எப்படி என்று சிந்தித்த அறிவின் வெற்றி இது. சர்வாதிகாரி மொபுட்டு இருவருக்கும் தலா 50 லட்சம் டாலர் தந்து நடத்திய விழா அது என்ற கறையை நாம் மறுக்கவில்லை. அக்கறையோடு சேர்த்தே இதற்கு முதலிடம் தருகிறோம்.

1971 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-0 என அளித்த தீர்ப்பையே மாபெரும் வெற்றி என்போரும் உளர். அத்தீர்ப்பு, மேல்முறையீட்டு வாரியம் மறுப்புக்கான காரணத்தைத் தெளிவாகக் கூறவில்லை என்ற அடிப்படையில் அமைந்தது. அலியின் பெருமை தீர்ப்பு வந்த நாளில் இல்லை. 1967 ஏப்ரல் 28 அன்று, ஐந்தாண்டுச் சிறைக்கான வாய்ப்பு கண்முன் நிற்க, ஹூஸ்டனில் பெயர் அழைக்கப்பட்டும் முன்வர மறுத்து நின்றாரே, அந்நாளில் இருக்கிறது. அதனை வெற்றிப் பட்டியலில் சேர்த்தால் சிறுமைப்படுத்தியவராவோம். வெல்வோம் என்ற உறுதி ஏதுமின்றிச் செய்யப்பட்டது அது.

குப்பத்துப் பெரியவரின் கேள்விக்கு நாம் அன்று விடை கூறினோம்: மணிலாவில்தான் அதிகம் என்றோம். அவர் தலையசைத்தார். 1980இல் அலி நம் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டையிட்டதைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். முதல்வர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார் என்றார். "அதுல யாரு ஜெயிச்சா?" என்று இளைஞருள் ஒருவர் கேட்டார். அது வெறும் காட்சிச் சண்டை. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை என்றோம். நான்கே ஆண்டுகளில், 1984இல், அலிக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. அந்நோயில் குத்துகளின் பங்கு எவ்வளவு என்பதில் மருத்துவரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அடிகளின் கணக்கை வெற்றிகளின் கணக்கோடு சேர்த்தே எழுத வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. பெரியவர் அதற்குள் வலையைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்; மஃக்ரிப் நேரமும் நெருங்கியிருந்தது.