ஒன்றுக்குப் பத்து: யாருக்குப் பத்து?

2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மரங்களில் வெள்ளை மாவு படியத் தொடங்கியது. இலையின் அடிப்புறம், குருத்து, காய்க்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கு என்று ஓர் இடம் மிச்சமில்லை. பூச்சி கழித்த தேன்போன்ற கழிவின்மேல் கரும்பூசணம் படர, பிஞ்சுகள் உதிர்ந்தன. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி அது. விவசாயிகள் மருந்து அடித்தார்கள். உடலை மூடிய மெழுகுப் பொடிக்கு அடியில் இருந்த பூச்சிக்கு மருந்து எட்டவில்லை. மறுபடி அடித்தார்கள். பூச்சி பப்பாளியோடு நிற்காமல் மல்பெரிக்கும் குச்சிக்கிழங்குக்கும் தாவியது. மல்பெரி வைத்திருந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி: மருந்தடித்த இலையைப் போட்டால் பட்டுப்புழு சாகும், அடிக்காவிட்டால் போட இலை இருக்காது. பலர் தோட்டத்தையே அழித்தார்கள்.

2010-இல் அமெரிக்க வேளாண் துறையின் புவேர்ட்டோ ரிக்கோ ஆய்வகத்திலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்கு வந்தன. அவற்றில் ‘அசரோபேகஸ் பப்பாயே’ என்ற இனம் ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாதது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பொரிந்த புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் உருளைக்கிழங்கு முளைகளில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவியைப் பெருக்கி, தோட்டம் தோட்டமாக விட்டார்கள். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. அமெரிக்க அரசின் வளர்ச்சி நிதியில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் பல நாடுகளில் நடத்திய ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்புத் திட்டம் இதில் துணைநின்றது.

பிறகு பொருளியலாளர்கள் கணக்குப் போட்டார்கள். குளவியால் இந்தியாவுக்கு முதல் ஆண்டில் கிடைத்த நன்மை 12.1 கோடி டாலர் முதல் 30.9 கோடி டாலர் வரை. ஐந்து ஆண்டுகளில் 52.4 கோடி முதல் 134 கோடி வரை. குளவியைக் கொண்டுவர ஆன செலவு இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

இந்த வெற்றியில் சந்தேகமில்லை. கொங்கு நாட்டில் மல்பெரியும் குச்சிக்கிழங்கும் மறுபடி தழைத்ததை எல்லோரும் பார்த்தார்கள். கவனிக்க வேண்டியது அந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே உள்ள இரண்டரை மடங்கு இடைவெளியை. அளந்ததில் வந்த இடைவெளி அல்ல அது, அனுமானத்தில் வந்தது. குளவி வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாராலும் அளக்க முடியாது. பூச்சி இன்னும் எத்தனை ஏக்கரைத் தின்றிருக்கும், விவசாயி எப்போது வேறு பயிருக்கு மாறியிருப்பார், விலை எவ்வளவு ஏறியிருக்கும் என்று ஒவ்வொன்றையும் ஊகித்தே எழுத வேண்டும். இன்னொன்றும் உண்டு. இலங்கை 2009-இலேயே இதே குளவியை இதே புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்துவிட்டது. அப்படியானால், இந்தத் திட்டம் இல்லாவிட்டாலும் இந்தியா ஓரிரு ஆண்டுகள் தள்ளியாவது அதைக் கொண்டுவந்திருக்கும் என்று எண்ண இடமிருக்கிறது. அந்த எண்ணம் சரியென்றால், திட்டத்தின் உண்மையான பலன் முந்திக்கொண்ட அந்த ஓரிரு ஆண்டுகள்தான். அதுவே பெருந்தொகை. ஆனாலும் ஐந்து ஆண்டுக் கணக்கும் அதுவும் ஒன்றல்ல.

பன்னாட்டு வேளாண் ஆய்வுகளின் பொருளாதாரத் தாக்கத்தை மதிப்பிடும் கலை முழுவதும் இந்த ‘இல்லாதிருந்தால்’ என்ற ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. ஆப்பிரிக்காவின் கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். 1970-களின் தொடக்கத்தில் காங்கோ ஆற்றங்கரையில் நுழைந்த மரவள்ளி மாவுப்பூச்சி, கண்டத்தின் ஏழைகளுக்குச் சோறு போட்ட பயிரைச் சூறையாடியது. நைஜீரியாவின் இபாடானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனம் முன்னெடுத்த தேடலில், 1981-இல் தென் அமெரிக்காவின் பராகுவேயில் எதிரிக் குளவி கிடைத்தது. பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 1988-இல் வெளிவந்த மதிப்பீடு, செலவழித்த ஒரு டாலருக்கு 149 டாலர் பலன் என்றது. 2001-இல் 27 நாடுகளுக்கு 40 ஆண்டுக் கணக்குப் போட்ட இன்னொரு குழு, மரவள்ளிக்கு உலகச் சந்தை விலையை வைத்தால் ஏறத்தாழ 200 மடங்கு என்றது. ஆப்பிரிக்க நாடுகளுக்கு இடையிலான விலையை வைத்தால் 370 முதல் 740 மடங்கு. குளவி ஒன்று, வயல் ஒன்று. விலைப் பத்தியில் எழுதிய எண்தான் வேறு. இத்தனை பெரிய வெற்றியில் 149-ஆ 740-ஆ என்பது முடிவை மாற்றாது. நடுத்தரமான ஒரு திட்டத்தில் இதே அளவு ஆட்டம் லாபத்தை நட்டமாகவே மாற்றிவிடும்.

இந்தக் கணக்கு முறைக்கு வழி போட்டவர் பொருளியலாளர் ஸ்வி கிரிலிக்கஸ். அமெரிக்காவில் வீரிய ஒட்டு மக்காச்சோள ஆய்வு தந்த பலனை 1958-இல் அளந்தார். புதிய விதையால் ஏக்கருக்கு விளைச்சல் கூடுகிறது. ஒரு மூட்டைக்கு ஆகும் செலவு குறைகிறது. சந்தையில் வரத்து பெருகி விலை இறங்குகிறது. இறங்கிய விலையால் வாங்குபவர் அடையும் லாபத்தையும் குறைந்த செலவால் விளைவிப்பவர் அடையும் லாபத்தையும் கூட்டி, ஆய்வுச் செலவோடு ஒப்பிட வேண்டும். அவருக்குக் கிடைத்த விடை ஆண்டுக்குக் குறைந்தது 700 சதவீதம். அந்த எண் நாடாளுமன்றங்களிலும் நிதிக் குழுக்களிலும் பல பத்தாண்டுகள் சுற்றி வந்தது. அவரே கொடுத்த எச்சரிக்கை அதோடு சேர்ந்து சுற்றவில்லை. தான் அளந்தது வென்ற ஓர் ஆய்வை மட்டுமே என்றும், எண்ணெய் கிடைக்காமல் தோண்டிப் போட்ட கிணறுகளின் செலவு இதில் இல்லை என்றும் அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஐந்து போர் போட்டு நாலு புகைந்துபோக, தண்ணீர் வந்த ஐந்தாவதன் வரவை மட்டும் எழுதிவைப்பது அது.

சதவீதத்தில் சொல்லும் பழக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. வேளாண் ஆய்வுகளுக்குக் கணக்கிடப்பட்ட அக ஈட்டு வீதங்களின் நடு மதிப்பு ஆண்டுக்கு 39 சதவீதம். வந்த லாபத்தை எல்லாம் திரும்ப அதே 39 சதவீதத்தில் போட்டுப் பெருக்கலாம் என்பது இந்த அளவுகோலுக்குள் மறைந்திருக்கும் அனுமானம். அப்படியே நடந்தால் ஒரு ரூபாய் ஐம்பது ஆண்டில் ஒரு கோடியே நாற்பது லட்சம் ரூபாய் ஆகும். எந்த நாட்டில் ஆகியிருக்கிறது? பொருளியலாளர்கள் ஹர்லி, ராவ், பார்டே மூவரும் 2014-இல் நியாயமான மறுமுதலீட்டு வீதத்தை வைத்துத் திருத்தியபோது நடு மதிப்பு 9.8 சதவீதமாக இறங்கியது. இதுவும் நல்ல வருமானம்தான். பல அரசுத் திட்டங்கள் இந்த அளவை எட்டுவதில்லை. உள்ளதைச் சொல்லியே நிதி கேட்கலாம் என்ற நிலையில் நம்ப முடியாத எண்ணைச் சொல்லிக் கேட்பதால், கேட்பவர் நம்பிக்கையைத்தான் இழக்கிறார்.

வென்றதை மட்டும் பொறுக்கும் குறைக்கு ஒரு நேர்மையான மருந்து உண்டு. ஆய்வாளர்கள் ரைட்சரும் கெல்லியும் 2008-இல் அதைச் செய்தார்கள். 1971-இல் தொடங்கிய பன்னாட்டு வேளாண் ஆய்வு மையங்களின் கூட்டமைப்பான சி.ஜி.ஐ.ஏ.ஆர்., தோற்ற ஆய்வுகளுக்கும் சேர்த்துச் செலவழித்த மொத்தப் பணத்தைச் செலவுப் பக்கத்தில் வைத்தார்கள். வரவுப் பக்கத்தில் நல்ல ஆதாரமுள்ள பலன்களை மட்டும் வைத்தார்கள். மிகக் கண்டிப்பாகச் சலித்தபோது ஒன்றுக்கு 1.94, சல்லடைக் கண்ணைப் பெரிதாக்கியபோது 17.26. கடும் கண்டிப்பிலும் போட்ட பணம் ஏறக்குறைய இரட்டிப்பாகத் திரும்பியிருக்கிறது. அந்த வரவின் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய சில வெற்றிகளிலிருந்து வந்தது. அதே கூட்டமைப்பின் ஆய்வுகளுக்கு 2020-இல் வந்த ஒன்றுக்குப் பத்து என்ற மதிப்பீடு இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. 1.94 அதைவிடக் கூடுதல் மரியாதைக்குரியது. எதிர்த்துப் பேசுகிறவரும் மறுக்க முடியாத எண் அது.

பலன் எவ்வளவு என்பது ஒரு சிக்கல். யாரால் என்பது இன்னொன்று. தமிழ்நாட்டு வயல்களில் நீண்ட காலம் கோலோச்சிய ஐ.ஆர். 20 நெல், பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரில் வந்தது. அதன் பெற்றோரில் ஒன்று டி.கே.எம். 6. சென்னைக்குப் பக்கத்துத் திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகம் அது. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் அதிலிருந்தே ஐ.ஆர். 20-க்குப் போனது. டி.கே.எம். 6-க்குப் பின்னால் ஜி.ஈ.பி. 24, அதற்குப் பின்னால் பெயர் பதிவாகாத உழவர்கள். முழு வரவையும் கடைசியாக ஒட்டுச் சேர்த்தவர் பெயரில் எழுதுவது எளிய வழி. வம்சாவளி பார்த்து ஒவ்வொரு தலைமுறைக்கும் பங்கு பிரிக்கும் முறையும் வழக்கத்தில் உண்டு. எந்த முறையிலும் உழவரின் பங்குக்குச் செலவுப் பக்கத்தில் சுழியம்தான் விழுகிறது. ஒடிசாவின் வெள்ள வயல்களில் நீருக்கடியில் இரண்டு வாரம் தாங்கும் ‘ஸ்வர்ணா சப்-1’ நெல்லின் கதையும் அதேதான். அதன் மூழ்குதிறன் மரபணு வந்தது எஃப்.ஆர். 13ஏ என்ற ஒடிசா நாட்டு ரகத்திலிருந்து.

அந்த ஸ்வர்ணா சப்-1 மதிப்பீட்டு முறையையும் ஒருபடி உயர்த்தியது. 2011-இல் ஒடிசாவின் பத்ரக், பாலசோர் பகுதிகளில் குலுக்கல் முறையில் சில ஊர் விவசாயிகளுக்குச் சிறு பொட்டல விதை கொடுத்தார்கள். மற்ற ஊர்களுக்குக் கொடுக்கவில்லை. ‘இல்லாதிருந்தால்’ என்ன என்பதற்கு விடை பக்கத்து ஊர் வயலிலேயே கண்முன் நின்றது. வயல் பத்து நாள் மூழ்கியபோது பழைய ஸ்வர்ணாவைவிட 45 சதவீதம் கூடுதல் விளைச்சல். அதோடு, பட்டியல் சாதியினரின் நிலங்கள் பள்ளக்காடுகளில் கூடுதலாக இருந்ததால் பலன் அவர்களுக்கே அதிகம் போய்ச் சேர்ந்தது. வெள்ளத்துக்கு அஞ்சி உரத்தில் பணம் போடத் தயங்கியவர்கள், விதை கைக்கு வந்த பின் துணிந்து போட்டதையும் அடுத்த ஆய்வு காட்டியது. கிரிலிக்கஸ் வழிவந்த பழைய கணக்கில் இப்படி ஒரு பத்தியே கிடையாது. ஆனால் குலுக்கல் சோதனை ஓரிரு பருவத்தோடு முடிந்துவிடும். விதை மாநிலம் முழுக்கப் பரவிச் சந்தை விலையை இறக்கும்போது, அந்த விதை இல்லாத மேட்டுக்காட்டு விவசாயிக்கு என்ன ஆகிறது என்பதை அதனால் காட்ட முடியாது.

என்ன ரகம் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வதிலும் கோளாறு உண்டு. எத்தியோப்பியாவில் சர்க்கரைவள்ளி வயல்களில் இலையெடுத்து மரபணு பார்த்தபோது, நாட்டு ரகத்தைப் புதியது என்றும் புதியதை நாட்டு ரகம் என்றும் சொன்னவர்கள் நிறையப் பேர் என்று தெரிந்தது. வாய்ச்சொல்லைக் கேட்டுப் போட்ட பழைய பரவல் கணக்குகள் எத்தனை இப்படியோ.

இந்த மதிப்பீட்டு முறை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதற்கு நல்ல சான்று தமிழ்நாட்டின் பழைய வட ஆற்காடு மாவட்டம்தான். 1973-74-இல் கேம்பிரிட்ஜ், சென்னை அறிஞர்கள் அங்கே பதினொரு கிராமங்களை ஆய்ந்தார்கள். கூடவே இலங்கையின் ஹம்பாந்தோட்டையிலும் ஆய்வு நடந்தது. வட ஆற்காட்டில் புதிய நெல் எதிர்பார்த்தபடி பரவவில்லை, சிறு விவசாயி பின்தங்குகிறார் என்பதே முடிவு. பசுமைப் புரட்சி பணக்காரனுக்கே என்ற வாதத்துக்கு அது வலுச் சேர்த்தது. பத்தாண்டு கழித்து, 1982-84-இல், பொருளியலாளர் பீட்டர் ஹேசலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சி. ராமசாமியும் அதே கிராமங்களுக்குத் திரும்பப் போனார்கள். நெல் வயலில் பத்தில் ஒன்பது பங்கு புதிய ரகம். சிறு விவசாயியின் உண்மை வருமானம் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. நிலமற்ற கூலிக்காரர் வீட்டிலும் வருமானம் கூடியிருந்தது. வயலில் கூடிய ஒவ்வொரு ரூபாயும் கடை, வண்டி, அரவை, தையல் என்று வட்டாரத்தில் இன்னும் 87 காசு வருமானத்தைக் கிளப்பியிருந்தது.

முதல் குழு சொன்னது பொய்யல்ல. அவர்கள் சீக்கிரம் போய்விட்டார்கள். புதிய விதை ஒரு வட்டாரத்தில் ஊன்றப் பதினைந்து, இருபது ஆண்டு ஆகும். நிதி தருபவர்களோ மூன்றாம் ஆண்டு முடிவில் தாக்க அறிக்கை கேட்கிறார்கள். இரண்டாம் குழு போன இரண்டு ஆண்டுகளில் 1982-83 கடும் வறட்சி, அடுத்தது மழையாண்டு. ஒரே ஓர் ஆண்டு மட்டும் போயிருந்தால் அவர்களும் வேறு கதை சொல்லியிருப்பார்கள்.

கதை அங்கே முடியவுமில்லை. 1990-களின் நடுவில் பார்பரா ஹாரிஸ்-வைட், ஜனகராஜன் முதலான ஆய்வாளர்கள் அந்தக் கிராமங்களில் சிலவற்றுக்கு மூன்றாம் முறை போனபோது, கிணறுகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஆழம் போய்க்கொண்டிருந்தன. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம்; தண்ணீரோ கீழே. ஆழப்படுத்த வாங்கிய கடன் ஒருவரை விழுங்கியது. ஆழப்படுத்த முடியாதவர் பக்கத்துக் காட்டுக்காரரிடம் தண்ணீருக்குக் கைகட்டி நின்றார். ஐ.ஆர். ரகங்களின் வரவை எழுதிய வழக்கமான கணக்குகளில் இந்தத் தண்ணீருக்கு விலை போடப்படவில்லை. பிலிப்பைன்ஸ் நெல் வயல்களில் மருந்தடிப்பவர் உடல்நலச் செலவை ஆய்வாளர்கள் ரோலாவும் பிங்காலியும் 1993-இல் வரவு-செலவில் சேர்த்தபோது, மருந்தே அடிக்காமல் இயற்கை எதிரிகளை நம்புவதுதான் அதிக லாபம் என்று கணக்கே புரண்டது. நிலத்தடி நீருக்கும் அப்படி ஒரு பத்தி போட முடியும். கிணற்றின் ஆழத்தையும் அதற்காக வாங்கிய கடனையும் விளைச்சலோடு சேர்த்துக் கேட்டு எழுதினால் போதும்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று அந்தப் பழைய மாவட்டம் இன்று நாலாகப் பிரிந்து கிடக்கிறது. அந்தப் பதினொரு கிராமங்களுக்கும் இன்னொரு முறை போக ஆகும் செலவு, ஒரு பன்னாட்டு மாநாட்டின் விமானக் கட்டணத்தைத் தாண்டாது. எந்தக் கிணறு வற்றியது, அந்த நிலம் யார் கைக்குப் போனது, 1984-இல் வருமானம் இரட்டித்த வீட்டில் இன்று யார் விவசாயம் செய்கிறார் என்று அங்கே கேட்க வேண்டும். ஒன்றுக்குப் பத்து என்று சொல்லி நிதி திரட்டும் மையங்களே அந்தப் பயணத்துக்கும் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவை.