வாக்கும் கடப்பாடும்: மென்பொருள் முகவர்களின் மொழி பற்றிய ஒரு மதிப்பீடு

மொழி உலகை வருணிக்கும் கருவி மட்டுமன்று. அதனாற் செயல்களும் ஆற்றப்படுகின்றன. "நூலை நாளை தருவேன்" என்று ஒருவர் கூறும்பொழுது அவர் நாளை நிகழப்போவதை முன்னறிந்து சொல்லவில்லை. கேட்பவருக்குத் தாம் கடமைப்பட்டவராகிறார். ஆங்கில மெய்யியலாளர் ஜோன் ஒஸ்ரின் 1955 ஆம் ஆண்டு ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய விரிவுரைகளில் இவ்வுண்மையை விளக்கினார். அவை அவர் மறைந்தபின் 1962 இல் நூலுருப் பெற்றன. 1969 இல் ஜோன் சேர்ள் அக்கருத்தைப் பேச்சுச்செயற் கோட்பாடாக ஒழுங்குபடுத்தினார். மெய்யியல் வகுப்பறைக்கே உரியதாகத் தோன்றிய இக்கோட்பாடு பின்னர் கணினித்துறையின் நடைமுறைப் பிரச்சினையொன்றுக்கு அடிப்படையாயிற்று. மனிதருக்காகவும் நிறுவனங்களுக்காகவும் விலை கேட்டு, பொருள்களுக்குக் கட்டளையிட்டு, பணஞ் செலுத்தும் மென்பொருள் முகவர்கள் தம்முள் பரிமாறும் செய்திகளுக்குப் பொருள் யாது என்பதே அப்பிரச்சினையாகும்.

1990களில் இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட முதல் விடை அகவயமானது. கே.கியூ.எம்.எல். என்னும் முகவர் மொழியும், 1996 இல் தொடங்கப்பட்ட எவ்.ஐ.பி.ஏ. என்னும் அமைப்பு வகுத்த மொழியும், முகவரின் நம்பிக்கை, நோக்கம் என்பவற்றைக் கொண்டே செய்தியின் பொருளை விளக்க முற்பட்டன. எவ்.ஐ.பி.ஏ. நியமத்தின்படி ஒரு முகவர் ஒரு செய்தியை 'அறிவிப்பதாயின்', அது அச்செய்தியை உண்மையென நம்புதல் வேண்டும். கேட்பவரும் அதனை நம்பவேண்டும் என்ற நோக்கமும் அதற்கு இருத்தல் வேண்டும்.

இவ்விளக்கத்தின் அடிப்படைக் குறையை முனீந்தர் சிங் 1998 இல் எழுதிய கட்டுரையொன்றில் எடுத்துக்காட்டினார். வெவ்வேறு நிறுவனங்கள் ஆக்கிய முகவர்கள் சந்தையிற் சந்திக்கின்றன. ஒன்றின் உள்ளமைப்பை மற்றொன்று அறியாது, அறியவும் விடப்படாது. அவ்வாறாயின், விற்பனை முகவர் தான் சொல்வதை உண்மையாகவே 'நம்புகிறதா' என்பதை எவர் சோதிப்பது? சோதிக்கவியலாத ஒன்றை நியமமாக விதிப்பதிற் பயனில்லை. எனவே, செய்தியின் பொருளை முகவரின் உள்ளத்திலன்றி, இரு தரப்பினருக்கும் இடையிலான உறவிலேயே தேடவேண்டும் என்றார் அவர். அவ்வுறவுக்கு அவர் கொண்ட அடிப்படை அலகே கடப்பாடு.

கடப்பாட்டில் வாக்களித்த கடன்பட்டவர் ஒருவர். வாக்குப் பெற்ற கடன்கொடுத்தவர் ஒருவர். நிறைவேற்றப்பட வேண்டிய கருமம் ஒன்று. கடப்பாடு உருவாக்கப்படலாம், நிறைவேற்றப்படலாம், பிறரொருவரிடம் ஒப்படைக்கப்படலாம், இன்னொருவருக்கு உரித்தாக மாற்றப்படலாம். கடன்பட்டவர் அதனை இரத்துச் செய்யவும் முற்படலாம். ஆனால் அதிலிருந்து அவரை விடுவிக்கும் உரிமை கடன்கொடுத்தவருக்கே உண்டு. தமிழ் வழக்கில் வாக்கு 'கொடுக்கப்படுகிறது' என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. கொடுத்த பொருள் பெற்றவருக்கே உரியது. கொடுத்தவர் தம் மனம் மாறியதைக் காரணங்காட்டி அதனை மீளப்பெற முடியாது.

இக்கோட்பாட்டின் நடைமுறை வலிமையை, பினார் யோலமும் சிங்கும் 2002 இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்குகின்றது. இலத்திரனியற் பொருள்களை வலையமைப்பின் வழியாக விற்பதற்கென அமைந்த 'நெற்பில்' நெறிமுறையே அவர்கள் கொண்ட எடுத்துக்காட்டு. அதன்படி வாங்குபவர் விலை கேட்கிறார், விற்பவர் விலை கூறுகிறார், வாங்குபவர் இணங்குகிறார், பூட்டிய நிலையில் பொருள் அனுப்பப்படுகிறது, பணம் செலுத்தப்பட்டதும் திறவுகோலும் பற்றுச்சீட்டும் வருகின்றன. செய்திகளின் வரிசையை மட்டுமே நெறிமுறையாகக் கொண்டால், இவ்வரிசையில் ஓர் அடி பிறழ்ந்தாலும் கொடுக்கல் வாங்கல் முறிந்துவிடும். ஆனால் உண்மை வணிகத்தில், விலை கேட்கப்படாமலே மாதிரிப் பொருளை அனுப்பும் வணிகரும், விலை கேளாமலே வாங்க இணங்கும் வாடிக்கையாளரும் உளர். ஒவ்வொரு செய்தியும் எக்கடப்பாட்டை உண்டாக்குகிறது, எதனைத் தீர்க்கிறது என்று வரையறுத்துவிட்டால், வரிசை மாறினும் கணக்கு மாறாது. இறுதியில் தீராத கடப்பாடு எதுவும் எஞ்சாதிருப்பதே முறையான நிறைவாகும். வணிகத்தின் நெகிழ்ச்சியைச் சிதைக்காமல் அதன் ஒழுங்கைக் காத்தமை இவ்வாய்வின் பெருஞ்சாதனை எனலாம்.

எனினும் இச்சாதனைக்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. 1999 இல் சிங் கடப்பாட்டை வரையறுத்தபோது, அது எந்தச் சமூகச் சூழலில் நிலவுகிறதோ அச்சூழலையும் அதன் உறுப்பாகச் சேர்த்திருந்தார். வாக்குப் பிறழ்ந்தவிடத்து வழக்கைக் கேட்கும் அவை அதுவே. 2002 ஆம் ஆண்டு ஆய்வின் வாய்பாட்டில் அவ்வுறுப்பு இடம்பெறவில்லை. கணிப்பை எளிதாக்க இது உதவியிருக்கலாம். ஆனால் அவையில்லாத வாக்கு எத்தகையது? இக்கோட்பாட்டை நோக்கி எழும் மூன்று வினாக்களும் இந்த இடத்திலேயே வந்து கூடுகின்றன.

முதலாவது, பதிவு பற்றியது. கடப்பாடு பகிரங்கமானது என்பது கோட்பாட்டின் அடிநாதம். ஆயினும் செய்திகள் வழியிற் தாமதமடைகின்றன, ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. ஒரு தரப்பு முடிந்ததெனக் கருதும் கடப்பாட்டை மறுதரப்பு இன்னும் நிலுவையிலுள்ளதெனக் கருதக்கூடும். அமித் சோப்ராவும் சிங்கும் 2009 இல் இதனை நுணுகி ஆராய்ந்து, இரு கணக்குகளும் ஒத்திருப்பதற்கான வழிகளை வகுத்தனர். ஆனால் கணக்குகள் முரண்படும்போது எவர் கணக்குச் செல்லுபடியாகும் என்பதை அவையன்றி வேறெதுவும் தீர்மானிக்க முடியாது.

இரண்டாவது, அதிகாரம் பற்றியது. ரெறி வினோகிராட்டும் பெர்னாண்டோ புளோரஸும் பேச்சுச்செயற் கோட்பாட்டை அலுவலகங்களுக்குள் கொண்டுசென்றவர்கள். அவர்களது சிந்தனையிற் பிறந்த 'கோடினேற்றர்' என்னும் மென்பொருள், ஊழியர் அனுப்பும் ஒவ்வொரு மடலையும் வேண்டுகோள், வாக்குறுதி என வகைப்படுத்துமாறு கேட்டது. இத்தகைய வகைப்பாடுகள் ஊழியரைக் கட்டுப்படுத்தும் கருவிகளாகும் என்று லூசி சச்மன் 1994 இல் விமரிசித்தார். பெரும் நிறுவனங்களின் ஒருங்கிணைப்புக்கு வெளிப்படையான வகைப்பாடு வேண்டும் என்று வினோகிராட் விடையிறுத்தார். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. கடப்பாட்டு நெறிமுறையிற் கடன்பட்டவரும் கடன்கொடுத்தவரும் சமமான இரு குறியீடுகளாகத் தோன்றுகின்றனர். ஆனால் பெருங் கொள்வனவாளர் நெறிமுறையை எழுத, சிறு வழங்குநர் ஒப்பமிடுவதே வணிக உலகின் வழக்கம். சுதந்திரமாக அளிக்கப்பட்ட வாக்கையும் வேறுவழியின்றி ஏற்ற சுமையையும் வாய்பாடு வேறுபடுத்துவதில்லை.

மூன்றாவது, பொறுப்புப் பற்றியது. மென்பொருள் முகவர் வெட்கமடையாது, சிறைசெல்லாது, சொத்தும் அதற்கில்லை. அதன் வாக்கு எவருடைய வாக்கு? 2024 பெப்ரவரியில் கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயமொன்று இத்தகைய வினாவை எதிர்நோக்கியது. விமான நிறுவனமொன்றின் உரையாடல் மென்பொருள், கட்டணச் சலுகை பற்றிப் பயணி ஒருவருக்குத் தவறான தகவல் அளித்திருந்தது. அம்மென்பொருள் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனியொரு சட்ட ஆள் என்று பொருள்படும் வாதத்தை நிறுவனம் முன்வைத்தது. தீர்ப்பாயம் அதனை நிராகரித்து, கவனக்குறைவாகத் தவறான தகவல் அளித்தமைக்கு நிறுவனமே பொறுப்பு எனத் தீர்த்தது. அந்த மென்பொருள் என்ன 'நம்பியது' என்பது இங்கு முக்கியமாகவில்லை. கேட்டவர் எதனை நம்பி நடக்க உரிமை பெற்றார் என்பதே முக்கியமாயிற்று. இவ்வகையில் சிங் 1998 இற் காட்டிய திசை சரியானதென்பது புலனாகின்றது. ஆயின் அவ்வுரிமையை நிலைநாட்டியது வாய்பாடன்று, தீர்ப்பாயம் என்பதும் உடன் கவனிக்கத்தக்கது.

சிங் 2013 இல் நியமங்கள் பற்றி எழுதிய ஆக்கத்தில், அவற்றுக்குச் சூழலாக அமையும் நிறுவனத்துக்கு மீண்டும் இடமளித்தார். இது கோட்பாட்டின் பின்னடைவன்று, அதன் முதிர்ச்சியே. மனித மொழியிலேயே உரையாடவல்ல மென்பொருள்கள் வணிகத்துள் புகுந்துள்ள இக்காலத்தில், இயல்பான பேச்சு நம்பிக்கையை எளிதிற் பெற்றுவிடுகிறது. பொறுப்போ எளிதில் மறைந்துவிடுகிறது. ஆகவே ஒரு நெறிமுறையை மதிப்பிடும் ஆய்வாளர் அதன் தருக்க ஒழுங்கோடு அமைந்துவிடலாகாது. வாக்கு எவர் பெயரில் அளிக்கப்படுகிறது, பிறழ்ந்தால் எவர் முன்னிலையில் விசாரிக்கப்படும் என்ற இரு வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். அவற்றுக்கு விடை கூறாத நெறிமுறை செய்திகளைப் பரிமாற உதவலாம். வாக்கைக் காக்க உதவாது.